உரும்பிராய்ச் செம்மண்ணில் ஒரு கிற்றார்

பத்து வயதில் எனக்கு வீட்டில் ஒரு வேலை இருந்தது. பொழுது பட்டதும் விறாந்தையில் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைப்பார்கள். டைனமோவைப் பின்சில்லோடு அணைத்துவிட்டு, அதிலிருந்து வரும் இரண்டு வயர்களை கசெற் றேடியோவின் பின்புறத்தில் கொடுப்பார்கள். பெடலைக் கையால் சுற்றுவது என் பொறுப்பு. அது 1992. குடாநாட்டில் மின்சாரம் நின்று இரண்டு வருடமாகியிருந்தது. பற்றரி பொருளாதாரத் தடைப் பட்டியலில் இருந்தது. கை சோர்ந்து சுற்று மெதுவானால் பாடுகிறவரின் குரல் இழுபட்டுத் தடித்து, அழுவது போலாகிவிடும். "கெதியாச் சுத்தடா மோனே, நித்தி அழுறார்" என்பா பெரியம்மா.

அந்தப் பாட்டு 'சின்ன மாமியே'. கை வேகம் பிடித்ததும் குரல் நிமிரும், கிற்றார் துள்ளும், விறாந்தையில் இருந்தவர்களின் கால்கள் தாமாக ஆடத் தொடங்கும். வெளியே ஷெல் விழுந்த நாட்களிலும் இது நடந்தது. இந்த வகைப் பாடல்களுக்குத் 'துள்ளிசை' என்று பெயரிருப்பதைப் பிற்காலத்தில் ஒரு கட்டுரையில் வாசித்தபோது, அந்தச் சொல்லை முதலில் விளங்கிக்கொண்டது என் வலது தோள்மூட்டுத்தான்.

அந்தக் குரலுக்கும் அந்தக் கிற்றாருக்கும் உரியவர் உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம். இலங்கைத் தமிழ்ப் பொப்பிசையின் தந்தை என்று அவரைச் சொல்வது வழக்கம். பட்டம் கிடக்கட்டும். அவர் செய்த வேலை என்னவென்று பார்ப்போம். பாட்டின் சொல்லை அவரே எழுதினார். மெட்டையும் அவரே போட்டார். கிற்றாரைத் தோளில் மாட்டிக்கொண்டு மேடையில் நின்று அவரே வாசித்து, அவரே பாடினார். படித்ததோ விவசாயம். வாழ்ந்தது ஆசிரியத் தொழிலில். பிறகு அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ணில் குடியேறி, அங்கும் கல்வித்துறையில்தான் பணிசெய்தார். எழுத்து, இசை, பாட்டு, மேடை எல்லாம் ஒரே ஆளிடம் இருந்தன. ஆனால் எதுவும் அவருக்குச் சம்பளம் தரும் தொழிலாக இருக்கவில்லை.

யாழ்ப்பாணத்தில் கிற்றார் எடுத்தவர் எவரும் கிற்றார்காரராக மட்டும் இருந்ததில்லை. இந்தக் கட்டுரைக்காகப் பழைய ஆட்களோடு கதைத்தபோது திரும்பத் திரும்ப என் முன்னால் வந்து நின்ற விஷயம் இது. அது ஏன் என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

வாயைத் திறந்து வைக்கும் வாத்தியம்

உரும்பிராய்ச் சந்தியில் நின்று சுற்றிப் பார்த்தால் கண்ணில் படுவது செம்மண். வாழை, வெங்காயம், புகையிலை, கிணற்றடிகள். மேற்கே சில மைல் போனால் மருதனார்மடம், அங்கே இராமநாதன் நுண்கலைக் கழகம். பக்கத்தில் இணுவில், நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் தமிழ்நாடு வரை பேர்போன ஊர். தெற்கே கோண்டாவில், கொக்குவில், நல்லூர். கர்நாடக இசையின் கோட்டை என்று குடாநாட்டில் ஏதாவது இருந்தால் அது இந்தச் சுற்றுவட்டாரம். வட இலங்கைச் சங்கீத சபையின் பரீட்சைக்குப் பிள்ளைகள் வாய்ப்பாட்டும் வீணையும் வயலினும் மிருதங்கமும் படிக்கும் நிலம் இது.

அந்த மண்ணில் ஒரு பெடியன் கிற்றாரைக் கையில் எடுத்தான் என்றால், முதலில் அது வாத்தியமாகவே மதிக்கப்பட்டிருக்காது. அதற்குக் குரு இல்லை, விஜயதசமியில் தொடக்கம் இல்லை, அரங்கேற்றம் இல்லை, பரீட்சை இல்லை. கோயில் வீதியில் அதற்கு இடமில்லை. 'சப்பறம்' இழுக்கும் நாளில் தவிலுக்கு உள்ள மரியாதை அதற்குக் கனவிலும் கிடையாது. பெண் கேட்டுப் போகும் வீட்டில் மாப்பிள்ளை கிற்றார் வாசிப்பார் என்று சொன்னால் சம்பந்தம் குழம்பும் காலம் அது.

ஆனாலும் கிற்றாரிடம் நாதஸ்வரத்துக்கும் வயலினுக்கும் வீணைக்கும் இல்லாத ஒரு குணம் இருக்கிறது. நாதஸ்வரம் வாசிப்பவரின் வாய் சீவாளியோடு பூட்டிக்கிடக்கும். வயலின்காரரின் வாத்தியம் மார்புக்கும் காலுக்கும் இடையில் ஊன்றிக்கிடக்கும், அவர் பாடகரின் முகத்தைப் பார்த்தபடி பின்னால் போகவேண்டும். வீணைக்காரர் சம்மணமிட்டு அமர்ந்துவிட்டால் எழ முடியாது. கிற்றார் கையை மட்டும்தான் கேட்கிறது. வாய் சும்மா இருக்கிறது, கால் சும்மா இருக்கிறது, முகம் சபையைப் பார்த்தபடி இருக்கிறது. சும்மா இருக்கும் வாய் பாடத் தொடங்கும். பாட்டுக்கு நடுவே பகிடி சொல்லும். முகம் நடிக்கும். கால் ஆடும். அடுத்தவர் எழுதிய வரி வாய்க்குள் அடங்காவிட்டால் தானே ஒரு வரி கட்டும். பாடலாசிரியர், பாடகர், நடிகர், நகைச்சுவைக்காரர் எல்லோரும் ஒரே ஆளுக்குள்ளிருந்து புறப்பட்டு வருவதற்கு இந்த வாத்தியத்தின் அமைப்பே காரணம் என்று நான் நினைக்கிறேன்.

கதிரை வந்தது, கிற்றார் வரவில்லை

யாழ்ப்பாண இராச்சியம் போர்த்துக்கேயரிடம் விழுந்தது 1619இல். 1658இல் யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர் கைக்குப் போனது. இடையில் இருந்தது நாற்பது வருடம்கூட இல்லை. ஆனால் எங்கள் வீடுகளுக்குள் அவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நாங்கள் இருப்பது கதிரையில், உடுப்பு வைப்பது அலுமாரியில், காற்று வாங்குவது யன்னலோரத்தில், காலையில் தின்பது பாண், காலில் போடுவது சப்பாத்து, முகம் துடைப்பது துவாய், பள்ளிக்கூடத்தில் ஏறி நிற்கவைப்பது வாங்கு. எல்லாம் அவர்களின் சொற்கள். ஊர்க்கோடியில் கள்ளு விற்கும் இடத்தைத் 'தவறணை' என்கிறோமே, அதுவும் அவர்கள் விட்டுப்போனதுதான்.

இவ்வளவும் வீட்டுக்குள் வந்தபோது அவர்களுடைய நரம்பு வாத்தியமும் ஆட்டப்பாட்டும் மட்டும் வாசலில் நின்றுவிட்டன. அவை தெற்கேயும் கிழக்கேயும் கடற்கரையோரம் பறங்கியர், காப்பிலியர் சமூகங்களிடம் தங்கின. 'பைலா' என்ற சொல்லே போர்த்துக்கேயத்தில் ஆடுவதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. கப்பிரிஞ்ஞா என்ற ஆட்டத்தின் தாளமும் அதோடு கலந்தது. கொழும்பில் வாலி பஸ்தியன் என்ற பொலிஸ்காரர் அதைச் சிங்களத்தில் மேடைப் பாட்டாக்கினார். 1950களில் ஹரி பெலபொன்ரேயின் கலிப்ஸோ உலகம் முழுக்கப் பரவியபோது இலங்கையிலும் கிற்றார் குழுக்கள் முளைத்தன. 1966இல் கிளாரன்ஸ் விஜேவர்தனவும் அனஸ்லி மாலவனவும் மூன்ஸ்டோன்ஸ் குழுவைத் தொடங்கியபோது சிங்களப் பாட்டுக்குள் மின்கிற்றார் நுழைந்துவிட்டது.

தமிழில் அப்போது எதுவும் இல்லை. குருநகர், பாசையூர் போன்ற கரையோரக் கத்தோலிக்க ஊர்களில் கூத்து இருந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு திருப்பலி தாய்மொழிக்கு வந்ததும் தேவாலயப் பாடகர் குழாமுக்குள் கிற்றார் மெல்ல நுழைந்தது. ஆனால் தமிழ்ப் பிள்ளைகள் ஒன்றுகூடிச் சிரித்துப் பாட ஒரு பாட்டு வேண்டுமென்றால் சினிமாப் பாட்டுத்தான் கதி.

நித்தி கனகரத்தினம் படிக்கப் போனது அம்பாறையில், ஹார்டி தொழில்நுட்பக் கல்லூரிக்கு. 1960களின் பின்பாதி அது. கல்லோயாப் பக்கத்து வயல்களுக்கு நடுவே இருந்த கல்லூரி. சிங்கள, தமிழ், முஸ்லிம் மாணவர் ஒரே விடுதியில் இருந்தார்கள். விடுதி இரவுகளிலும் சுற்றுலா பஸ்ஸிலும் சிங்கள மாணவர் பைலாவை எடுத்துவிட்டால் பஸ்ஸே ஆடும். தமிழ் மாணவர் கைதட்டிக்கொண்டு இருக்கவேண்டியதுதான். அந்த இடைவெளிக்குள்ளிருந்துதான் 'சின்ன மாமியே' பிறந்தது.

கிற்றாரில் பைலா வாசிப்பதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறீர்களா? இடது கைக்கு வேலை குறைவு. மூன்று கோட் தெரிந்தால் போதும், ஒன்றிலிருந்து மற்றதுக்கு மாறும்போது விரல் தடுமாறாமல் இருந்தால் சரி. வித்தை முழுக்க வலது கையில்தான் இருக்கிறது. மணிக்கட்டு தளர்ந்து தொங்கவேண்டும். கீழே ஒருமுறை அழுத்தி அடித்து, அதே கையின் அடிப்பகுதியால் கம்பியைப் பொத்தி, மேலே வரும்போது இலேசாக உரசவேண்டும். ஒரு அடியை மூன்றாகப் பிளந்து ஓடும் நடை. எங்கள் ஆட்கள் திஸ்ர நடை என்பார்கள். ஒரு தவில்காரரிடம் அதைத் தட்டிக் காட்டினால், "இது எங்கட தாளமெல்லோ" என்று சிரிப்பார். அதனால்தான் கரைகடந்து வந்த அந்த ஆட்டம் யாழ்ப்பாணத்துக் காதுக்கு அந்நியமாகப் படவில்லை.

வேலிக்கு இப்பால் நின்று கேட்ட கேள்வி

'சின்ன மாமியே' என்ற விளிப்பைக் கொஞ்சம் நின்று கவனிக்கவேண்டும். மாமியின் மகள் மச்சாள், முறைப்பெண். மாமி வீட்டு வாசலில் நின்று மகள் எங்கே போனாள் என்று ஒரு பெடியன் கேட்கிறான். அவ்வளவுதான் பாட்டு. கிடுகு வேலிக்கு இப்பால் நின்று யாழ்ப்பாணத்து இளந்தாரி ஒவ்வொருவனும் மனதுக்குள் கேட்ட கேள்வி. வாய்விட்டுக் கேட்டால் மாமா உலக்கையோடு வருவார். பாட்டாகக் கேட்டபோது மாமியும் சேர்ந்து சிரித்தாள்.

அதுவரை எங்கள் காதலெல்லாம் சென்னைத் தமிழ்ச் சினிமாவின் மொழியில் நடந்தது. நிலவும் தென்றலும் தேனும் நிரம்பிய அழகான மொழி அது, நானும் அதில் மயங்கி வளர்ந்தவன். ஆனால் எங்கள் ஒழுங்கைகளில் அந்த மொழியை யாரும் கதைப்பதில்லை. ஒரு மாமியை மாமி என்று கூப்பிட்டு, கிணற்றடியில் கதைக்கிற மாதிரியே பாடலாம் என்று காட்டியது கிற்றார் பிடித்த இந்த விவசாய மாணவன்தான். பேச்சு அப்படியே பாட்டானது. அவர் செய்த காரியங்களில் மிகப் பெரியது அது என்பேன். மெட்டைவிடப் பெரியது.

'கள்ளுக்கடைப் பக்கம் போகாதே' இன்னொரு வகை. கெஞ்சிக் கேட்கிற பாட்டு, ஆனால் துள்ளல் நடை. தவறணைக்குப் போகும் மனிதரை அழுது தடுத்த மனைவிமாரின் குரல் அதற்குள் இருக்கிறது. அதே பாட்டைத் தவறணையில் இருந்தவர்களும் சேர்ந்து பாடினார்கள் என்பதைப் பல ஊர்களில் சொல்லக் கேட்டிருக்கிறேன். புத்தி சொல்லும் பாட்டைச் சொல்லப்படுகிறவனே பாடுவதென்றால் அந்தப் பாட்டு எவ்வளவு தூரம் உள்ளே போயிருக்க வேண்டும்!

தடை திறந்துவிட்ட வாசல்

1970இல் பதவிக்கு வந்த சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசு அந்நியச் செலாவணியை மிச்சம்பிடிக்க இறக்குமதிகளை இறுக்கியது. தென்னிந்தியச் சஞ்சிகைகளும் படங்களும் முன்போல் தாராளமாக வரவில்லை. இந்தத் தடையால் வாசகரும் ரசிகரும் துடித்தது உண்மை. ஆனால் அந்த வெற்றிடத்தில்தான் உள்ளூர் எழுத்து, உள்ளூர்ப் படம், உள்ளூர்ப் பாட்டு எல்லாம் மூச்சுவிட்டன. 1972இல் 'குத்துவிளக்கு', 1975இல் 'புதிய காற்று', 1976இல் 'கோமாளிகள்', 1977இல் 'பொன்மணி' என்று படங்கள் வந்தன. இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் தமிழ்ச் சேவையில் பொப்பிசைப் பாடல்கள் ஒலித்தன. கடலுக்கு அப்பால் இராமேஸ்வரம், தூத்துக்குடி, மதுரை வரை அவை போய்ச் சேர்ந்தன.

அந்த அலையின் உச்சியில் நின்றவர் ஏ. ஈ. மனோகரன். நித்தி கனகரத்தினம் கதவைத் திறந்தவர் என்றால் அதற்குள்ளால் ஓடிப்போய் ஊரையே ஆடவைத்தவர் மனோகரன். குரல் அவருக்கு ஒரு ஆயுதம், உடம்பு இன்னொன்று. மேடையில் ஒரு இடத்தில் நிற்கமாட்டார். அசைந்து, குனிந்து, சபையோடு கதைத்து, பாட்டை நாடகமாக்குவார். 'பொப்பிசைச் சக்கரவர்த்தி' என்று எழுதாத சுவரொட்டி அவருக்கு இருக்கவில்லை. 'மால் மருகா' என்று முருகனைப் பொப்பிசையில் கூப்பிட்டார், பக்தர்கள் கோபிக்கவில்லை. 'இலங்கை என்பது நம் தாய்த்திருநாடு' என்று பாடினார், அந்தத் தலைமுறையின் ஒரு பகுதி அதை மனதார நம்பியது.

'சுராங்கனி' வந்ததும் எல்லாம் மாறியது. சிங்களமும் தமிழும் கலந்த அந்தப் பாட்டு, மீன் கொண்டுவந்திருக்கிறேன் என்று ஒரு பெண்ணிடம் சொல்லும் எளிய கடற்கரைப் பாட்டு, இந்தியா முழுக்கப் போய் எத்தனையோ மொழிகளில் கலந்துவிட்டது. 1977இல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்துக்காக இளையராஜா அதைத் தமிழ்த்திரைக்குக் கொண்டுபோனார், மலேசியா வாசுதேவன் பாடினார். இளையராஜாவும் 1976இல் 'அன்னக்கிளி'க்கு முன்பு மற்ற இசையமைப்பாளர்களின் குழுவில் கிற்றார் வாசித்துப் பிழைத்தவர் என்பதை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. அவரும் பின்னாளில் புத்தகம் எழுதினார், வெண்பா எழுதினார், புகைப்படம் எடுத்தார். கிற்றாரைக் கையில் எடுத்தவர்கள் ஒரு கலையோடு நிற்பதில்லை போலும்.

மனோகரன் நடிப்புக்குப் போனது இயல்பாக நடந்தது. செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' நாவல் நெடுந்தீவுக் கரையில் நடக்கும் கதை. பிறேம்நாத் மொறாயஸ் அதைப் படமாக்கியபோது மன்னார்ப் பக்கத்துப் பேசாலையில் படம்பிடித்தார்கள். 1978இல் வெளிவந்த அந்தப் படத்தில் மனோகரன் நடித்தார். 'அண்ணை றைற்' என்ற தனிநடிப்பால் பஸ் கொண்டக்ரரின் பேச்சை மேடையேற்றிய கே. எஸ். பாலச்சந்திரனும் அதில் நடித்தார். பாட்டில் ஊர்ப்பேச்சைக் கொண்டுவந்த மரபும் நாடகத்தில் ஊர்ப்பேச்சைக் கொண்டுவந்த மரபும் ஒரே படத்துக்குள் சந்தித்த இடம் அது. அந்தக் காலத்து நிகழ்ச்சி நிரல்களும் அப்படித்தான் இருந்தன. இரண்டு பொப்பிசைப் பாட்டு, ஒரு தனிநடிப்பு, பிறகு மூன்று பாட்டு. கிற்றார்காரர் கம்பியைச் சுருதி கூட்டும் நேரத்தில் பகிடிக்காரர் சபையைக் கையில் வைத்திருப்பார்.

பிறகு மனோகரன் தமிழ்நாட்டுக்குப் போனார். 'சிலோன் மனோகர்' என்ற பெயரில் தமிழ், மலையாளப் படங்களில் வில்லனாக வந்தார், சின்னத்திரைத் தொடர்களில் நடித்தார். இன்றைய தமிழ்நாட்டு ரசிகர்களில் பலருக்கு அவர் முறைத்துப் பார்க்கும் அடியாள் முகமாகத்தான் நினைவிருக்கிறார். ஒரு மேடையை ஒற்றைக் குரலால் தூக்கிய மனிதரைக் கதாநாயகனிடம் அடிவாங்க வைத்தார்கள் என்பது எனக்கு இன்றைக்கும் வருத்தம். 2018 ஜனவரி 22ஆம் திகதி அவர் சென்னையில் காலமானார். அன்றிரவு லண்டனிலும் ரொறன்ரோவிலும் யாழ்ப்பாணத்திலும் எத்தனை வீடுகளில் 'சுராங்கனி' ஒலித்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

ஒருவர் கலையை மாலைநேரத்துக்கு வைத்துக்கொண்டு பகலில் பிள்ளைகளுக்குப் படிப்பித்தார். மற்றவர் முழுநேரமும் கலையே என்று கடல் தாண்டினார். யார் தேர்ந்தது சரி என்று கேட்டால், பாட்டைப் பொறுத்தவரை நித்தியின் வழிதான் என்று சொல்வேன். வயிற்றுக்காகப் பாடத் தேவையில்லாதபடியால் அவர் யாருடைய மொழிக்கும் தன் நாக்கைத் திருப்பவில்லை. மனோகரனுக்குத் திரையுலகம் சோறு போட்டது, ஆனால் அங்கே அவருடைய யாழ்ப்பாணத் தமிழுக்கு வேலை இருக்கவில்லை.

சம்பளப் புத்தகத்தில் இல்லாத தொழில்

நித்தியும் மனோகரனும் பேர் எடுத்தவர்கள். திருகோணமலையில் பரமேஷ், கோணேஷ் சகோதரர்கள் 'உனக்குத் தெரியுமா' என்று இசைத்தட்டு வெளியிட்டுப் பேரெடுத்தார்கள். யாழ்ப்பாணத்தில் கண்ணன் கோஷ்டி என்ற இசைக்குழுவைத் திருவிழாக் காலத்தில் பிடிக்க நாள் கிடைப்பது அரிதாக இருந்தது. பூங்காவனத்தன்று ஊர் ஊராக மேளக்கச்சேரி முடிந்து நள்ளிரவுக்குப் பிறகு கோஷ்டி தொடங்கும். சாக்குகளையும் பாய்களையும் கொண்டுவந்து பிள்ளைகளை நித்திரையாக்கிவிட்டு விடியும்வரை கேட்பார்கள். அந்த இசைவாணர் கண்ணன் பிறகு குழந்தை ம. சண்முகலிங்கத்தின் நாடகங்களுக்கு இசையமைத்தார். பாட்டுக் கோஷ்டியிலிருந்து நாடக அரங்குக்கு ஒரு பாலம் போட்ட ஆள் அவர்.

அந்தக் கோஷ்டிகளில் கிற்றார் வாசித்தவர்களைப் பற்றிச் சொல்ல எனக்கு ஆசை. அவர்களில் ஆசிரியர் உண்டு, கச்சேரி லிகிதர் உண்டு, றேடியோ திருத்துகிறவர் உண்டு. எங்கள் உறவுக்குள் ஒருவர் இருந்தார். பகலில் ஒரு பலநோக்குக் கூட்டுறவுச் சங்கக் கடையில் அரிசி நிறுப்பார். இடது கை விரல்நுனி நான்கும் உருக்குக் கம்பி பட்டுக் காய்த்துக் கறுத்திருக்கும். அரிசி வாங்க வந்தவர்கள் அந்த விரலைப் பார்த்து, "எப்ப அடுத்த கோஷ்டி?" என்று கேட்பார்களாம். கலியாண வீட்டுப் பந்தலுக்கு அவரே சோடனையும் கட்டுவார், சுவரொட்டிக்கு எழுத்தும் எழுதுவார், நாடகத்தில் ஆள் குறைந்தால் தாடி ஒட்டிக்கொண்டு ஏறிவிடுவார். இத்தனையும் தெரிந்தவருக்கு அடையாள அட்டையில் தொழில் 'விற்பனையாளர்'.

இந்தக் கோஷ்டிகள் பாடிய வருடங்களில் ஒன்றான 1974ஐ யாழ்ப்பாணம் வேறு விதமாக நினைவு வைத்திருக்கிறது. ஜனவரி 10இல் தமிழாராய்ச்சி மாநாட்டின் கடைசி நாளில் விழுந்த உயிர்கள். ஜூன் 5இல் சயனைட் அருந்தி இறந்த போராளி பொன். சிவகுமாரன், அவரும் உரும்பிராய்ப் பிள்ளை. அதே ஊர், அதே வருடங்கள். ஒரு பக்கம் துள்ளிசை, இன்னொரு பக்கம் தீ. எங்கள் வரலாற்றுப் புத்தகங்கள் இரண்டாவதைத்தான் எழுதுகின்றன, எழுதவும் வேண்டும். ஆனால் அந்தப் பிள்ளைகள் சிரித்ததும், மச்சாளைத் தேடியதும், மூன்று கோட் பழகியதும் அதே வரலாறுதான். 1981இல் நூலகம் எரிந்து, 1983இல் கொழும்பு எரிந்த பிறகு துள்ளிசைக்கு ஊரில் இடமில்லாமல் போனது. பாடியவர்களும் கேட்டவர்களும் கப்பலேறிவிட்டார்கள்.

1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் அரிசி நிறுக்கும் அந்த உறவினரின் கிற்றாரில் முதலாவது கம்பி அறுந்தது. புதுக்கம்பிக்குக் கொழும்புக்குப் போகவேண்டும், கொழும்புக்குப் பாதையில்லை. சைக்கிள் பிறேக் வயரை எடுத்து, முறுக்கைப் பிரித்து, அதில் ஒரு இழையை உருவினார். மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துருவைத் துடைத்தார். குமிழில் சுற்றி மெல்ல மெல்ல இறுக்கினார். நான் பக்கத்தில் குந்தியிருந்தேன். அறுந்து கண்ணில் அடிக்கும் என்று என்னைத் தள்ளிப்போகச் சொன்னார். அறவில்லை. சத்தம் கொஞ்சம் கரகரத்தது, சுருதி அரை மணித்தியாலத்துக்கு மேல் நிற்காது. அந்தக் கம்பியோடு 1995 ஒக்டோபர் வரை அந்தக் கிற்றார் பாடியது. இடப்பெயர்வு இரவில் வீட்டில் விட்டுவிட்டுப் போனோம். திரும்பி வந்தபோது அது இல்லை.

எழுதப்படாத பெயர்கள்

இன்று குடாநாட்டில் கிற்றார் அதிசயம் இல்லை. பின்னேரங்களில் சைக்கிளிலும் ஸ்கூட்டியிலும் முதுகில் கறுப்பு உறையோடு போகும் பெண்பிள்ளைகளைப் பார்க்கிறேன். யூரியூப் பார்த்து ஒரு மாதத்தில் கோட் பழகுகிறார்கள். தாங்களே எழுதி, தாங்களே பாடி, தாங்களே படம்பிடித்து, தாங்களே வெட்டி ஒட்டி வெளியிடுகிறார்கள். கிற்றார்காரர் எல்லா வேலையும் செய்யவேண்டும் என்ற பழைய யாழ்ப்பாண விதி கைத்தொலைபேசியில் திரும்பி வந்திருக்கிறது. அவர்களிடம் 'சின்ன மாமியே' தெரியுமா என்று கேட்டால் தெரியும் என்கிறார்கள். யார் எழுதியது என்றால், "பழைய நாட்டார் பாட்டெல்லோ" என்கிறார்கள்.

எழுதியவர் நம் காலத்து மனிதர். அவர் பெயர் தெரியாமல் அவர் பாட்டு நாட்டார் பாட்டாகிவிட்டது என்றால், ஒரு வகையில் ஒரு பாடலாசிரியருக்கு அதைவிடப் பெரிய பட்டம் இல்லை. ஆனால் எனக்கு மனம் ஆறவில்லை. பாட்டுக்குச் சொந்தக்காரருக்கே இந்த நிலை என்றால், கோஷ்டிகளில் பின்னால் நின்று வாசித்த அந்த லிகிதர்களையும் ஆசிரியர்களையும் அரிசி நிறுத்தவரையும் யார் நினைவு வைத்திருப்பார்கள்? எங்கள் வீட்டில் மிஞ்சிய கசெற்றின் உறையில் பெரியம்மாவின் கையெழுத்தில் 'நித்தி, மனோகரன், கலந்து' என்று மட்டும் இருக்கிறது. தாளம் போட்டவர் பெயர் இல்லை. இரண்டாவது கிற்றார் ஒன்று தெளிவாகக் கேட்கிறது, அதை வாசித்தவர் பெயரும் இல்லை.

நூலக நிறுவனம் 2005 முதல் ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் மின்வடிவாக்கி இணையத்தில் சேர்த்துவருகிறது. அச்சில் வந்தவற்றுக்கு அப்படி ஒரு வீடு கிடைத்திருக்கிறது. பாட்டுகளுக்கும் அதேபோல் ஒன்று வேண்டும். இசைத்தட்டு, கசெற், நிகழ்ச்சி நிரல், கலியாண வீட்டு அல்பத்தில் பின்னணியில் தெரியும் கோஷ்டிப் படம், எதுவானாலும் சரி. இதை வாசிக்கும் உங்கள் வீட்டுப் பரணில் அப்படியொன்று கிடந்தால் பழைய சாமான்காரரிடம் போடாதீர்கள். படத்தில் கிற்றாரோடு நிற்கிறவர் யார் என்று வீட்டில் இருக்கும் கிழவியிடம் கேட்டு, பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிவையுங்கள். பெரியம்மா இருந்தவரை நான் கேட்கவில்லை.

போன மாதம் அந்தக் கசெற்றை ஒருவரிடம் கொடுத்துக் கணினியில் ஏற்றினேன். நாடா பல இடங்களில் நைந்திருந்தது. இரண்டாவது பக்கத்தில், 'சின்ன மாமியே'யின் நடுவில், பாட்டுக்குப் பின்னால் இன்னொரு சத்தம் இலேசாகப் பதிந்திருக்கிறது. இன்னொரு றேடியோவிலிருந்து வெளிமைக்கால் பிரதி எடுத்தபோது உள்ளே போயிருக்கவேண்டும். கிர்ர் கிர்ரென்று ஒரே சீராக, டைனமோ சில்லில் உரசும் சத்தம்.